வேர் நிமிர்வதற்குள்

ரம்பம் போடுவது என்றால் ஓயாமல் பேசி ஆளை அறுப்பது. அந்தத் தெருவில் மரம் வெட்டும் சாமான் கடை வைத்திருந்தவளை எல்லோரும் ரம்பக்கா என்று கூப்பிட்டதற்கு அவள் விற்ற ரம்பம் பாதிக் காரணம், போட்ட ரம்பம் மீதிக் காரணம்.

கடையின் முன்பக்கம் அவள் ராஜ்ஜியம். சுவரில் மெஷின் ரம்பங்கள், கைரம்பங்கள், சுருட்டி மாட்டிய கயிறுகள், மரம் ஏறுபவர்களின் இடுப்பு பெல்ட்டுகள், மூலையில் கனம் தூக்கவும் இழுக்கவும் செயின் புல்லி. பின்பக்கம் புருஷனுடைய மரவாடியும் மரம் அறுக்கும் மில்லும். மெஷின் வாடகைக்குக் கேட்டு யார் வந்தாலும் அவள் முதலில் காலைத்தான் பார்ப்பாள். செருப்புப் போட்டு வந்தவனுக்கு மெஷின் கிடையாது. பிறகு கேள்விகள் ஆரம்பிக்கும். என்ன மரம், நிற்கிறதா விழுந்து கிடக்கிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கூட ஆள் உண்டா.

"பல்லு கூரா இருந்தா மரம் சுருள் சுருளா விழும். மழுங்கிட்டா மாவா விழும். மாவைப் பார்த்ததும் நிறுத்திடு, அழுத்தி அறுக்காதே. ரம்பத்தோட மூக்கு நுனியால மரத்தைத் தொடாதே, எகிறி மூஞ்சிக்கு வரும். மெஷின் ஓட்டுற ஆளைப் பின்னாலருந்து தொடவே கூடாது. முன்னால போய் நில்லு. அவன் பார்க்கிற வரைக்கும் நில்லு."

"அக்கா, நான் மெஷின்தான் கேட்டேன். பள்ளிக்கூடத்துல சேர வரலை."

"சேர்ந்துட்டே போ. ரெண்டு கையோட வீட்டுக்குப் போகலாம்."

புருஷன் நேரெதிர். கதவு நிலைக்கு என்ன மரம் என்று கேட்டால் "வேம்பு" என்பார். காய் நறுக்கும் கட்டைக்கு என்றால் "புளி". வீட்டில் இருக்கும் பேச்சையெல்லாம் அவளே செலவு பண்ணிவிடுவதால் தனக்கு மிச்சம் இல்லை என்று ஒரு முறை சொன்னார். அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள்.

உண்மையில் அந்தக் கடையைத் தொடங்கியது அவளுடைய கொழுந்தன், புருஷனின் தம்பி. தையல் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அரத்துக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாது. கொழுந்தன்தான் மெஷின் ரம்பத்தின் பல் செயினுக்குக் கூர் போடச் சொல்லிக்கொடுத்தான். "ஒரு பல்லு விட்டு ஒரு பல்லு, அண்ணி. ஒரே பக்கமா தள்ளணும், இழுக்கக் கூடாது." அவள் கற்றுக்கொண்ட பிறகு அவனுக்குக் கடையில் உட்கார்ந்திருப்பது அலுத்துவிட்டது. மரம் வெட்டவே போய்விட்டான். அவன் கைக்கு நிகர் கிடையாது என்பதை ஊரே ஒத்துக்கொள்ளும். பொறுமைதான் கிடையாது. வெட்டப்போகும் மரத்தை ஒரு தடவை சுற்றிப் பார்க்கக்கூட மாட்டான்.

அவள் அதைச் சொன்னாள். ஒரு தடவை அல்ல.

"அண்ணி, உங்க கையில அரத்தைக் கொடுத்ததே நான்தான். எனக்கே பாடமா?" என்று ஒரு நாள் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்து எழுந்து போனான். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "குழம்பு வேணுமான்னு உங்க தம்பியைக் கேளுங்க" என்பாள் அவள். "வேணாம்னு சொல்லுண்ணா" என்பான் அவன். நடுவில் புருஷன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இப்படி இருந்த காலத்தில்தான் அந்தப் பெருங்காற்று அடித்தது.

மறுநாள் ஊர் முழுக்க மரம் கிடந்தது. கடையில் ஒரு மெஷின்கூட மிச்சமில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு டீச்சர் வீட்டில், காம்பவுண்டுக்குள் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு பெயர்ந்து சுற்றுச்சுவர்மேல் விழுந்து தலை தெருவில் கிடந்தது. அதை அறுக்க கொழுந்தன் போயிருந்தான். மதியம் அண்ணனுக்குப் போன் வந்தது. அடிமரத்தில் யாரோ எப்போதோ அடித்த கம்பி புதைந்து கிடந்ததாம், செயின் போய்விட்டதாம், வேறு செயின் வேண்டுமாம். புருஷன் மில்லில் பாதி அறுத்த கட்டையோடு நின்றார். மரம் டெலிவரிக்கு மினி லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. ரம்பக்கா செயின் டப்பாவை எடுத்துக்கொண்டு லாரிக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். தூங்குமூஞ்சி பெரிய மரம், எதற்கும் இருக்கட்டும் என்று செயின் புல்லியையும் கம்பிக் கயிற்றையும் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

"போற வழியில பேச மாட்டீங்கல்ல?" என்றார் லாரிக்காரர்.

"பார்த்து ஓட்டுங்க" என்றாள்.

தெருவில் இறங்கும்போதே மெஷின் சத்தம் கேட்டது. செயின் போய்விட்டது என்றவன் எப்படி அறுக்கிறான்? உள்ளே போய்ப் பார்த்தாள். கிளை வெட்ட வைத்திருக்கும் சின்ன மெஷினை வைத்துக்கொண்டு, வேரிலிருந்து ஒரு கை தூரத்தில் அடிமரத்தையே அறுத்துக்கொண்டிருந்தான். செயின் வரும்வரை பொறுக்க முடியவில்லை. காதில் மூடி, தலையில் கவசம், பார்வை முழுக்க வெட்டில்.

அவனுக்குப் பின்னால் வேர் ஆள் உயரத்துக்கு மேல் சுவர்போல் எழுந்து நின்றது. மண்ணும் கல்லும் அறுந்த வேர்களும் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். வேர் பெயர்ந்த இடம். ரம்பக்கா வழக்கம்போல மரத்தைச் சுற்றி வந்தாள். பள்ளத்தின் விளிம்பில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. பக்கத்தில் திறந்த பை. அதில் ஸ்பேனர்.

அவள் விளிம்பில் மண்டி போட்டாள்.

எட்டிப் பார்த்தாள். உள்ளே வேருக்கு அடியில் ஒரு பிளம்பர் குனிந்து உட்கார்ந்திருந்தான். வேர் பெயரும்போது தண்ணீர்க் குழாயை உடைத்திருந்தது. வெளி வால்வு துருப்பிடித்து அசையவில்லை. டீச்சர் அவனைக் கூப்பிட்டிருந்தார். அவன் வந்தது மரம் வெட்டுபவனுக்குத் தெரியாது, மரத்தை அறுத்தால் வேர் என்ன செய்யும் என்று பிளம்பருக்குத் தெரியாது. உடைந்த குழாய் வாயில் மரக்கட்டை அடைப்பை அடித்து ஏற்றிக்கொண்டிருந்தான்.

"மேல வா! உடனே மேல வா!"

"ரெண்டே நிமிஷங்க. அடைப்பு இறங்கிடுச்சுன்னா..."

அவனுக்கு எதை எப்படி விளக்குவது? விழுந்த மரத்தின் கனம்தான் அந்த வேரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அடிமரத்தை அறுத்துவிட்டால் பிடிக்க ஆள் இல்லை. வேர் தன் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். அந்தப் பழைய இடத்தில்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான்.

அவள் ஓடினாள். கொழுந்தனின் முதுகு அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பிடித்து இழுக்கக் கை பரபரத்தது. இழுத்தால் ரம்பம் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. சுற்றிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய், அவனுக்கு நேரெதிரே நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவன் நிமிரவில்லை. "தம்பி!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தியதை மெஷின் விழுங்கிவிட்டது. கையிலிருந்த செயின் டப்பாவை அவன் முகத்துக்கு முன்னால் மரத்தின்மேல் ஓங்கி அடித்தாள். டப்பா உடைந்து செயின் சிதறியது.

அவன் மெஷினை அணைத்துவிட்டுக் காது மூடியைக் கழற்றினான். முகம் சிவந்திருந்தது. "என்ன, பைத்தியம் பிடிச்சிருச்சா?"

"குழிக்குள்ள ஆள் இருக்கு."

அவன் வாயைத் திறப்பதற்குள் மரம் பேசியது. டக் என்று ஒரு சத்தம். பிறகு நார் நாராகக் கிழியும் சத்தம். வேர்ச்சுவர் மெல்லத் தலையசைத்தது. குழிக்குள் மண் சரிந்தது. உள்ளேயிருந்து ஓர் அலறல்.

அறுபடாமல் மிச்சம் இருந்தது உள்ளங்கை அகல மரம்தான். அது பிடித்துக்கொண்டது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு பேரும் குழி விளிம்புக்கு ஓடினார்கள். வேர் கொஞ்சம் இறங்கியதில், கை தடிமனான கிளைவேர் ஒன்று பிளம்பரின் கணுக்காலைக் குழாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. அடைப்பு தெறித்துப்போய்த் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அவன் உள்ளங்கையால் குழாய் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"கால் வரலைங்க" என்றான்.

கொழுந்தன் குழிக்குள் குதிக்கப் போனான். ரம்பக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "முதல்ல வேரைப் பிடிச்சு நிறுத்தணும். இப்ப இறங்கினா ரெண்டு பேரு."

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ மரத்தின்மேல் ஏறிப் பார்க்கக் காலை வைத்தார். "இறங்குய்யா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அந்த ஆள் கீழே விழாத குறை. புருஷனுக்குப் போன் போட்டாள். ஓயாமல் பேசுகிறவள் மூன்று வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள். பேசவே பேசாதவர் பேச ஆரம்பித்தார்.

"லாரில மேல இருக்கிறது மா பலகை. அதை முட்டுக் கொடுக்க எடுக்காதே, வளைஞ்சு ஒடியும். அடியில புளிய மரத்துல உத்திரம் ரெண்டு இருக்கு. வைரம் பாய்ஞ்சது. அதை எடு. மண்ணுல முட்டு வைக்காதே, தடிச்ச வேர் பார்த்து வை. கீழ மா பலகையைப் போட்டு அதுமேல நிறுத்து, இல்லன்னா சேத்துல இறங்கிடும். வேரோட தலையில கம்பிக் கயிறு போட்டு லாரில கட்டு. கேட்குதா?"

"கேட்குது."

"அவன் அங்க இருக்கானா?"

"இருக்கான்."

"ரெண்டு பேரும் பத்திரம்" என்று சொல்லி போனை வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மில் நின்றுபோயிருந்தது.

லாரிக்காரர் லாரியைத் திருப்பித் தெருவில் நிறுத்தி, கியரில் போட்டு, நாலு சக்கரத்துக்கும் கல் வைத்தார். கம்பிக் கயிற்றை வேர்ச்சுவரின் தலையில் சுற்றி, செயின் புல்லியின் ஒரு கொக்கியில் மாட்டி, மறு கொக்கியை லாரியில் கோத்தார்கள். ரம்பக்கா சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். கம்பி விறைத்தது. இதற்குள் கொழுந்தனும் கூட்டத்தில் இரண்டு பேருமாகப் புளிய உத்திரங்களைத் தூக்கிவந்தார்கள். குழியின் எதிர்க்கரையில் பலகை போட்டு, உத்திரத்தின் ஒரு முனையை அதில் ஊன்றி, மறுமுனையைத் தொடை பருமன் வேர் ஒன்றில் கொடுத்து, அடியில் ஆப்பு வைத்து அடித்தார்கள். முதல் உத்திரம் நின்றது. இரண்டாவதை நிறுத்தும்போது மறுபடி அந்த டக்.

உத்திரம் முனகியது. நின்றது.

கொழுந்தன் கைரம்பத்தை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அனுமதி கேட்கிற பார்வை. அவள் தலையசைத்தாள். அவன் இறங்கினான். பின்னாலேயே அவன் மரம் ஏறக் கட்டும் இடுப்பு பெல்ட்டைக் கயிற்றோடு இறக்கினாள். அவன் அதைப் பிளம்பருக்கு மாட்டினான். தண்ணீர் அவர்கள் இடுப்புக்கு வந்திருந்தது. மேலே வேரிலிருந்து மண் பொலபொலவென்று தலையில் உதிர்ந்துகொண்டே இருந்தது.

"ரொம்ப வலிக்குதா?" என்றான் கொழுந்தன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"குளிருது. ஏதாவது பேசுங்க. சும்மா இருந்தா பயமா இருக்கு."

"எனக்குப் பேச வராது. எங்க அண்ணிதான் பேசுவாங்க."

மேலேயிருந்து ரம்பக்கா பேசினாள். ஒரு கை செயின் புல்லியில், கண் உத்திரத்தில். "தம்பி, அந்த வேர் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு பாரு. வெளிப்பக்கம் முதல்ல வெட்டினா தெறிச்சு அவர் முழங்காலுக்கு வரும். உள்வளைவுல லேசா வெட்டு."

"எந்தப் பக்கம், அண்ணி?"

"உன் வலது கைப்பக்கம். மரம் ரம்பத்தைப் பிடிக்க ஆரம்பிச்சா நிறுத்திடு."

"பிடிக்குது."

"நிறுத்து. இப்ப வெளிப்பக்கம். ஒரு இழுப்பு, நிறுத்து. ஒரு இழுப்பு, நிறுத்து. அவசரமே இல்லை."

அவசரம் இருந்தது. பலகைக்கு அடியில் தண்ணீர் ஊறி, ஒரு உத்திரத்தின் கால் நகர்வதை அவள் பார்த்துவிட்டாள். கீழே சொல்லவில்லை. லாரிக்காரரிடம் கண்ணைக் காட்டினாள். அவர் ஓடிப்போய்ப் பலகையின் ஓரத்தில் ஆப்பு இறக்கி, அது போதாது என்று தானே தோளைக் கொடுத்து உத்திரத்தைத் தாங்கி நின்றார். அது விழுந்தால் தோளால் என்ன ஆகிவிடும்? அந்த நேரத்தில் அதை யோசிக்கிற மனிதராக அவர் இல்லை.

கைரம்பம் இழுத்தது, நின்றது. இழுத்தது, நின்றது.

கிளைவேர் மெல்லிய முனகலோடு அறுந்தது. பிளம்பர் அலறினான், கால் விடுபட்ட வலியில். "இழுங்க!" என்றான் கொழுந்தன். கூட்டமே கயிற்றைப் பிடித்து இழுத்தது. சேறு வழிய அவன் மேலே வந்தான். அடுத்து கொழுந்தன் கரையைப் பிடித்து ஏறினான். ஏறியவன் எழுந்திருக்காமல் அப்படியே குப்புறக் கிடந்தான்.

பிளம்பரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினார்கள். டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

வேலை முடியவில்லை. பாதி அறுத்த மரத்தைத் தெருப் பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் விட்டுப்போக முடியாது. கொழுந்தன் மெஷினை எடுத்தான். பிடிக்க முடியவில்லை. ரம்பக்கா அதை வாங்கிக்கொண்டாள். எல்லோரையும் தெருக்கோடிக்கு விரட்டினாள். குழியை எட்டிப் பார்த்தாள், மறுபடி ஒரு தடவை பார்த்தாள். லாரியிலிருந்து கம்பிக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, எட்ட நின்று கையை நீட்டி, மிச்சமிருந்த உள்ளங்கை அகலத்தை அறுத்தாள்.

வேர் ஒரு நொடி யோசித்ததுபோல் நின்றது. அப்புறம் ஒரு புளிய உத்திரம் பட்டாசு வெடித்த மாதிரி இரண்டாக ஒடிந்தது. இன்னொன்று பலகையோடு பறந்துபோய்ச் சுவரில் மோதியது. அவ்வளவு பெரிய வேர்ச்சுவர் முன்னும் பின்னும் பார்க்காமல் நிமிர்ந்து, குழிக்குள் தொம்மென்று உட்கார்ந்தது. வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தண்ணீரும் சேறும் கூரை உயரத்துக்கு அடித்தன. எல்லாம் அடங்கியபோது குழி இருந்த இடத்தில் குழி இல்லை. வெட்டிய மரத்தின் கட்டை மட்டும், காலங்காலமாக அங்கேயே நின்றதுபோல் நேராக நின்றது.

கொழுந்தன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பேரும் லாரியில் கடைக்குத் திரும்பினார்கள். கடை வாசலில் புருஷன் நின்றிருந்தார். தம்பியைப் பிடித்துத் தலை, தோள், கை என்று வரிசையாகத் தடவிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் அப்போதுதான் அழுதாள்.

பிளம்பரின் கணுக்கால் எலும்பு உடைந்திருந்தது. பிளேட் வைத்தார்கள். அடுத்த வாரம் அவன் மனைவி கடைக்கு வந்தாள். வந்த வேகத்தில் கல்லாப்பெட்டிமேல் இருந்த அரங்கள் கீழே உருண்டன.

"மரம் வெட்டுறவன் எவன்? ஆள் இருக்கா இல்லையான்னு பார்க்க மாட்டானா? என் புருஷன் செத்திருந்தா என் புள்ளைக்கு யார் பதில் சொல்றது?"

ரம்பக்கா குனிந்து, உருண்ட அரங்களைப் பொறுக்கினாள். பின்பக்கத்திலிருந்து கொழுந்தன் வந்தான். அன்றிலிருந்து அவன் மெஷினைத் தொடவில்லை. அந்தத் தூங்குமூஞ்சி மரத்தை அண்ணன் பலகையாக அறுத்துப் போட, பலகைகளுக்கு நடுவில் காற்றோட மரச்சக்கை வைத்து நிழலில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நான்தாங்க. போய்ப் பார்க்கலை."

"பார்த்திருக்கணும்ல?"

"பார்த்திருக்கணும்."

சண்டைக்கு என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ரம்பக்கா ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவள் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ராத்திரியெல்லாம் தூக்கத்துல வேர், வேர்னு கத்துறார்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"நானும்தாங்க" என்றான் கொழுந்தன்.

மழைக்காலம் முடிந்த பிறகு அவன் மறுபடி வேலைக்குப் போனான். முதல் மரத்துக்கு அண்ணியையும் கூப்பிட்டுக்கொண்டு போனான். மரத்தை இரண்டு பேரும் இரண்டு பக்கமாகச் சுற்றி வந்தார்கள். எந்தப் பக்கம் சாய்ப்பது என்று அங்கேயே பலமாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள், மரத்துக்காரர் பயந்துபோய் வேறு ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்கிற அளவுக்கு. கடைசியில் சாய்த்தது அவன் சொன்ன பக்கம். சரியாகத்தான் விழுந்தது. அவள் அதை ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று.

புருஷன் யாரிடமும் சொல்லாமல் பிளம்பருக்காக ஒரு ஊன்றுகோல் செய்திருந்தார். கனமில்லாத, கணு இல்லாத தேக்கு. அக்குளில் உறுத்தாமல் தோல் வைத்துத் தைத்து, கீழே ரப்பர் மாட்டி, மூன்று தடவை எண்ணெய் போட்டுத் தேய்த்திருந்தார். மூன்று பேருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிளம்பர் வாங்கிப் பார்த்து, தடவிப் பார்த்து, ரொம்ப நல்லா இருக்கு என்றான். ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த அலுமினியக் கோலே பழகிவிட்டது அவனுக்கு, அதை வைத்துக்கொண்டே நடந்து தேறினான். தேக்குக் கோலை அவன் மனைவி கொல்லையில் துணிக்கொடிக்கு முட்டாக வைத்திருக்கிறாள். ஈரப் போர்வை காயப்போட்டாலும் கொடி தொய்வதில்லை என்கிறாள்.